எட்டாத பெட்டி

பல்கலைக்கழக உளவியல் ஆலோசனை மையத்தில் முனைவர் பட்டப் பயிற்சிக்குச் சேர்ந்த ஜெனிதாவிடம் பேராசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "அழுறவங்ககிட்ட டிஷ்யூவை நீட்டாதம்மா. அழாதேன்னு சொல்ற மாதிரி ஆயிடும். அவங்களா எடுத்துக்கட்டும்." அவளிடம் ஆலோசனைக்கு வந்த இசக்கிராஜா என்ற மாணவன் தம்பி செத்ததைச் சொல்லி அழுதான். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். டிஷ்யூ பெட்டி அவனுக்கு எட்டாமல் அவள் பக்கமே இருந்தது. பெட்டியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். மூலையில், பேராசிரியர் பிறகு பார்ப்பதற்காகக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டாள். பதிவைப் பார்த்த பேராசிரியர், "அருமைம்மா, அசையவே இல்லையே!" என்றார். அடுத்த வாரம் அவன் உட்கார்ந்ததுமே பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். "வேணாம் மேடம், நானே கொண்டாந்துட்டேன்" என்று இஸ்திரி போட்ட கைக்குட்டையை எடுத்து முழங்காலில் வைத்தான். அந்த ஒரு மணி நேரமும் அதன் மடிப்பு கலையவே இல்லை.