பிடிபடாத நாடி

“இந்த சிப்புக்குக் காவல் எழுதினவன் சரியான அழுத்தக்காரன்மா. மூணு வாரமா வாயைத் திறக்க மாட்டேங்குது!”

டீ டம்ளரை வாங்கிக்கொண்டே நாடிக்காரர் மருமகளிடம் பொரிந்து தள்ளினார்.

நாடிக்காரர் என்பது சோதனைக்கூடத்தில் வைத்த பெயர். படிப்பு எட்டாவதோடு சரி. ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து சிப்புகளைச் சோதிக்கும் இடம்வரை கைவேலையாலேயே ஏறி வந்த மனுஷன். சிப்புக்குள் இருக்கும் ரகசிய எண்ணைத் திருட முடிகிறதா என்று பார்க்கச் சொல்லி, விற்பதற்கு முன் கம்பெனிகள் அங்கே அனுப்பும். மற்றவர்கள் சிப்பைப் பிளந்து பார்ப்பார்கள். இவர் அதைத் தொடவே மாட்டார். அதற்குக் கரண்ட் போகும் கம்பியில் அளவுக் கருவியின் முனையை வைத்துவிட்டு, திரையில் ஓடும் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ரகசிய எண்ணை எடுத்து வேலை செய்யும்போது சிப் கொஞ்சம் கூடவோ குறையவோ கரண்ட் குடிக்கும். கோடு ஏறி இறங்கும். நாடி பிடிக்கிற மாதிரி அதை வைத்தே மொத்த எண்ணையும் சொல்லிவிடுவார். இதுவரை நாற்பத்தொரு சிப். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒன்று தப்பினாலும் அன்றோடு வேலைக்கு முழுக்கு என்று எல்லார் முன்னாலும் சவால் விட்டிருந்தார்.

“அப்படி என்ன மாமா பண்ணுது அது?” துணியை மடித்தபடியே கேட்டாள் மருமகள்.

“எந்த வேலை செஞ்சாலும் ஒரே அளவு கரண்ட். நடுநடுவுல பொய் வேலை வேற. எது நிஜம், எது பொய்னு நான் பிரிக்கறதுக்குள்ள வரிசையை மாத்திடுது. உள்ளே இருக்கிற எண்ணை அப்படியே வெளியில எடுக்கறதே இல்லை. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு எண்ணைக் கலந்துதான் எடுக்குது.”

“கெட்டிக்காரன்தான் போல.”

“கெட்டிக்காரனா? கேடி! தாடி வச்சவனா இருப்பான், பாத்துக்கோ. கட்டின பொண்டாட்டிகிட்டகூட ஒரு உண்மை பேசியிருக்க மாட்டான்.”

“இருக்கும் மாமா.”

சோதனைக்கூடத்து விஷயத்தை வெளியில் சொல்லக் கூடாதுதான். ஆனால் மருமகளிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று என்பது அவர் கணக்கு.

மனுஷர்களின் வாய்ப்பேச்சை அவர் நம்பியதே கிடையாது. நடக்கிற சத்தம், பாத்திரம் வைக்கிற சத்தம், இவைதான் சாட்சி. மகன் பொய் சொன்னால் செருப்பைக் கழற்றுகிற வேகத்திலேயே தெரிந்துவிடும். மருமகள் விஷயத்தில் மட்டும் ஒன்றும் ஓடாது. பதினோரு வருஷமாக மாடிப்படியில் ஒரே தாளத்தில் இறங்குகிறாள். ஒரே குரல், ஒரே முகம். உள்ளே சரக்கு இருந்தால்தானே வெளியே தெரிவதற்கு என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார். பகலெல்லாம் மாடி அறையில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பாள். யாருக்கோ டைப் அடித்துக் கொடுக்கிறாள் போல. அவர் கேட்டதில்லை.

“முடியலைன்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டோட உக்காந்துடலாமான்னு பாக்கறேன்.”

“விடாதீங்க மாமா. இன்னும் ஒரு வாரம் பாருங்க. ஆஸ்பத்திரியில மருந்து ஏத்தற பம்புல வைக்கப் போறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நாளைக்கு எவனாவது வெளியில இருந்தே அளவை மாத்திட்டா, படுத்திருக்கிறவங்க கதி என்ன?”

“உனக்கென்ன, சொல்லிட்டே. மானம் போறது எனக்குத்தானே!”

சொன்னாரே தவிர, அந்த ஒரு வாரமும் சிப்பைப் படாத பாடு படுத்திவிட்டார். சூடேற்றினார், குளிர வைத்தார். கரண்டைத் திடீரென்று கூட்டினார், குறைத்தார். லட்சக்கணக்கான கோடுகளைச் சேர்த்து அடுக்கிப் பார்த்தார். ஒரே ஒரு இடத்தில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. “மாட்டினியா மகனே!” என்று இரண்டு நாள் அதன் பின்னாலேயே அலைந்தார். கடைசியில் பார்த்தால், அதுவும் ஒரு பொய் வேலை.

தன்னந்தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். “அடப்பாவி, நீதான்டா வேலைக்காரன்!”

மறுநாள் காலையில் நேராக மேலாளர் அறைக்குப் போய் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

“உடைக்க முடியலைப்பா. சொன்ன சொல் சொன்னதுதான். நாளையிலேர்ந்து வர மாட்டேன்.”

“அவசரப்படாதீங்க ஐயா. இதைப் பண்ணினவங்க முதல் நாளே எனக்கு எழுதினது இது.” மேலாளர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். “‘நாடிக்காரர்தான் இதைச் சோதிக்கணும். அவர் உடைக்கலைன்னாத்தான் எனக்கு நிம்மதி. ஆனா நான் யாருன்னு அவருக்குச் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா தொடவே மாட்டார். நாளைக்கு யாரும் குறை சொல்லாம இருக்க, இன்னொரு கூடத்துலயும் தனியா சோதிச்சுடுங்க.’ அங்கேயும் உடையலை ஐயா.”

நாடிக்காரர் நிமிர்ந்தார். “என்னை அவனுக்கு எப்படித் தெரியும்?”

“வெளியிலதான் காத்திருக்காங்க. நீங்களே கேளுங்க.” மேலாளர் போனை எடுத்து, “பாஸ் ஆயிடுச்சு, வாங்க” என்றார்.

“வரட்டும். அந்தத் தாடிக்காரப் பயலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.”

வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. கதவு திறப்பதற்கு முன்பே நாடிக்காரரின் கை நாற்காலியை இறுகப் பற்றிக்கொண்டது.

வீட்டு மாடிப்படியில் பதினோரு வருஷமாக ஒரே தாளத்தில் கேட்ட மருமகளின் காலடி அது. இன்று மட்டும் தாளம் தப்பி ஓடி வந்துகொண்டிருந்தது.