பத்தரை மணிக் கோளாறு

“புது சென்சார் போட்டு ஒரு மாசம் ஆகலை. வண்டி மறுபடியும் அப்பப்போ சேத்துல எருமை நடக்கிற மாதிரி நடக்குது. நீ மாட்டினது சென்சாரா, சட்டைப் பொத்தானா?”

டிரைவிங் ஸ்கூல் முதலாளி வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் ஒரு முழம் குட்டையாகிவிடுவார். இருபது வருடமாக ஊருக்கு அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த முறையே அதுதான்.

மெக்கானிக் வண்டியோடு இணைத்திருந்த லேப்டாப்பைப் பார்த்தபடி சொன்னார்.

“சென்சார் குத்துக்கல்லாட்டம் இருக்குங்க. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம்னு எஞ்சினுக்குச் சேதி போகணும். போகலைன்னா அது பயந்துபோய்ப் பாதி பலத்துல தவழ ஆரம்பிச்சிடும். நாற்பதைத் தாண்டாது. இங்கே சேதி நடுநடுவே நின்னிருக்கு.”

“எலி ஒயரைக் கடிச்சிருக்குமோ?”

“செவ்வாயும் வியாழனும் மட்டும் பத்தரைக்குக் கடிச்சிட்டு, பதினொன்றரைக்குத் தானே மாட்டிவிட்டுப் போற எலியை நான் பார்த்ததில்லை. தேதி, நேரம் எல்லாம் பதிவாகியிருக்கு. யாரோ கையால பிடுங்கறாங்க.”

அந்த வண்டியில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் மாஸ்டர் ஒருவர்தான். பதினோரு வருடமாகச் சம்பளம் வாங்கும் எலி.

முதலாளி அவரை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

“வா ராஜா. வண்டி படுத்தா உனக்கு ஓய்வு. நல்ல யோசனை. ஒயரைப் பிடுங்கினது நீதானே?”

“நான்தாண்ணே.”

மறுப்பார், அப்புறம் காய்ச்சலாம் என்று காத்திருந்த முதலாளிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“ஆனா ஓய்வெடுக்கலைண்ணே. அந்த நேரம் வர்றவங்களுக்கு ஆக்ஸிலேட்டர்ல கால் வச்சாலே நடுக்கம். எவ்வளவு மிதிச்சாலும் வண்டி பாயாதுன்னு தெரிஞ்சாதான் மிதிக்கிறாங்க. இப்போ பரவாயில்ல. இன்னும் ரெண்டு வாரம் போனா ஒயரைத் தொட வேண்டியிருக்காது.”

முதலாளி பதிவேட்டைப் புரட்டினார்.

“பத்தரை, நூலக வாசல். பேரே காணோம். வாசலா வண்டி கத்துக்குது?”

முதலாளி பதிவேட்டைப் பட்டென்று மூடினார்.

“யாருப்பா அந்த மகாராணி? அவங்க கால் நடுங்குதுன்னு என் வண்டியை நொண்டியாக்குவியா? நம்ம ஸ்கூல் பேரு என்ன ஆகும்?”

“பேர் கேக்காதீங்கண்ணே. சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. தப்புதான். வேணும்னா என்னை நிறுத்திடுங்க.”

“நிறுத்தாம? மாலை போடுவேன்னு நினைச்சியா? சாவியை வச்சிட்டுப் போ.”

மாஸ்டர் சாவியை மேஜையில் வைத்தார். வாசல் வரை போனவர், முதலாளியின் குரல் கேட்டு நின்றார்.

“நாளைக்கு வியாழன்தானே. நூலக வாசலுக்கு நானே போறேன். ஒரே நாள். எப்படிச் சொல்லித்தரணுமோ அப்படிச் சொல்லித்தந்தா, எந்த நடுக்கமும் பறந்துடும்.”

மாஸ்டர் திரும்பினார்.

“நீங்க ஏற்கெனவே ஒரு நாள் சொல்லித்தந்தாச்சுண்ணே. அதுக்கப்புறம்தான் அண்ணி நாலு வருஷமா ஸ்டியரிங்கைத் தொடலை.”