அடித்தல் ஒன்று

இலவச சட்ட உதவி வக்கீல் ஜெபமாலை, விவாகரத்து மனுவைச் செண்பகவல்லிக்கு வாசித்துக் காட்டினார். ‘கணவர் தினமும் அடித்தார்’ என்ற இடத்தில் அவள் நிறுத்தினாள்.

“அவரு ஒருநாளும் அடிச்சதில்ல மேடம். ஏழு வருஷமா பேசல, அவ்வளவுதான். அதை அடிச்சிருங்க.”

“அது இருந்தாத்தான் கேஸ் நிக்கும்மா.”

“பொய்யில நிக்க வேண்டாம் மேடம்.”

வக்கீல் அவளையே பார்த்தார். பிறகு அந்த வரியை அடித்து, ஓரத்தில் ‘அடித்தல் ஒன்று’ என்றெழுதிக் கையெழுத்திட்டார். செண்பகவல்லி கைகூப்பினாள்.

சமரச மையத்தில் மனுவை வாசித்த கணவன் இசக்கிராஜாவின் விரல் அந்தக் கோட்டில் நின்றது. கோட்டுக்கு அடியில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“இதை யாரு அடிச்சா?”

“நான்தான் அடிக்கச் சொன்னேன்.”

விவாகரத்துக்கான சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டான். பிறகு, யாரும் கேட்காமலே, அந்தக் கோட்டின் ஓரத்திலும் ஒன்று போட்டான்.