சேலையில் ஒரு பூச்சி

மிளகாய்ச் செடியைச் சுருள வைக்கும் இலைப்பேனைக் குத்தி உறிஞ்சிக் கொல்லும் அந்த எள்ளளவு பூச்சிகள், வளர்த்தவளின் வியர்வை வாடைக்குத்தான் அந்தியில் வீடு திரும்பும். பஞ்சவர்ணம் செத்த பிறகு அவை வயலுக்கே போகவில்லை. புருஷன் சடையன் தலையணைக்கடியில் வைத்திருந்த அவளுடைய சேலையை மொய்த்துக் கிடந்தன.

“பயிரு பூராவும் சுருண்டுபோச்சுப்பா. காரியத்தன்னைக்கே தண்ணியில விட்டிருக்க வேண்டிய சேலை. அலசியாவது போடுங்க,” என்று மகள் மாரிக்கனி அழுதாள்.

சடையன் சோப்புப் போட்டுத் துவைத்தான். பூச்சிகள் வயலுக்குப் பறந்தன.

காய்ந்த சேலையை முகத்தில் பொத்தி மோந்து பார்த்தான். வெறும் சோப்பு வாடை. முந்தானை ஓரத்தில் மட்டும் ஒரு பூச்சி அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஒனக்கு மட்டும் இன்னும் அடிக்குதா?” என்று அதனிடம் கேட்டான்.