பைப்பு மேல் படாமல்

மூன்றாவது அடியில் தையல்காரரின் முன்பல் ஒன்று கழன்று, எண்ணெய் படிந்த சிமெண்டுத் தரையில் விழுந்தது. அதைக் காணச் சகியாதவராய் மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு விம்மினார்.

"போதும் சின்ன மச்சான், செத்துகித்துத் தொலைஞ்சிடப் போறான். அவன் வாயால ஒத்துக்கணும், அது போதும் எனக்கு."

வெளியே உச்சி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கார் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையின் ஷட்டர் மட்டும் முக்கால்வாசி இறக்கப்பட்டிருந்தது. உள்ளே, இரும்புத் தூணோடு கட்டப்பட்டிருந்த தையல்காரரின் முன் தம்பி கம்பியுடன் நின்றார். பட்டறையின் முதலாளியான அண்ணன் ஒரு பழைய டயரின் மீது அமர்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை அவ்விருவரின் ஒரே சகோதரி, தன் வீட்டுச் சமையலறையில் மண்டை பிளந்து இறந்து கிடந்தாள். அவளது அலறலை ஆறரை மணிக்கு அண்டை வீட்டார் அனைவரும் கேட்டிருந்தனர்.

அவளுடைய கணவரான மாப்பிள்ளையோ, தாம் பணிபுரியும் சரக்குக் கிடங்கின் வாசலில் ஆறு மணிக்குக் கையெழுத்திட்டுவிட்டுத்தான் காரில் புறப்பட்டிருந்தார். கிடங்கிலிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிடப் பயணம். ஆகவே அவரை எவரும் ஐயுறவில்லை.

மாடியில் குடியிருந்த தையல்காரரின் சட்டையில் அவளது இரத்தம் இருந்தது. போலீஸார் இரண்டு நாள் விசாரித்துவிட்டு, சாட்சி இல்லையென்று அவரை அனுப்பிவிட்டனர். சகோதரர்கள் அனுப்புவதாக இல்லை.

"அலறல் கேட்டு இறங்கி வந்தேங்க," என்றார் தையல்காரர், இரத்தத்தை விழுங்கியபடி. "தூக்கி மடியில போட்டேன். உசுரு இல்லைங்க."

"மோட்டார் போடலைன்னு போன வாரம் அவகிட்ட சண்டைக்கு நின்னது யாருடா?" என்றார் தம்பி.

"நான்தாங்க. தண்ணி வரலைன்னு சண்டை போட்டவன் எல்லாம் கொலைகாரன்னா, தெருவுல யாருங்க மிஞ்சுவா?"

அந்தப் பதிலுக்கு நான்காவது அடி விலாவில் விழுந்தது. உள்ளே ஏதோ ஒடியும் ஓசை, அமர்ந்திருந்த அண்ணனின் காதுவரை எட்டியது.

"இவன் இப்படிச் சொல்ல மாட்டான். வலது கைய மட்டும் அவுத்து, இந்தப் பலகை மேல வை," என்றார் அண்ணன். "ஒவ்வொரு விரலா உடை. இனி ஊசி புடிக்கிற ஜோலியே அவனுக்கு வேணாம்."

"கைய விட்டுடுங்க, காலு ரெண்டையும் எடுத்துக்கங்க," என்று தையல்காரர் கெஞ்சினார். தம்பி கையை அவிழ்த்துப் பலகைமேல் வைத்து, கம்பியை ஓங்கி இறக்கிய கணத்தில் அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள, கம்பி குறி தவறி, பக்கத்தில் நின்றிருந்த காரின் அடியில் பட்டுக் கணீரென்று ஒலித்தது.

"மெதுவா, மெதுவா. பைப்பு மேல படாம," என்றார் மாப்பிள்ளை.

அது அவருடைய கார். மனைவி இறந்த அன்றிரவு, "நீங்க இருக்கிற நிலைமைக்கு ஓட்ட வேணாம்" என்று அண்ணன் கொண்டுவந்து நிறுத்தியதிலிருந்து அது அங்கேயே நின்றது. மாப்பிள்ளை குனிந்து, சைலன்சர் இருக்க வேண்டிய இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த தடித்த குழாயைத் தம் கைக்குட்டையால் அக்கறையோடு துடைத்தார்.

"இது யார் பார்த்த வேலை?" என்றார் அண்ணன்.

"நானேதான் மச்சான். திங்கக்கிழமை லீவு போட்டுட்டு, போன்ல வீடியோ பார்த்து மாட்டினேன். ஏர் ஃபில்டரும் பெருசு, வேகம் கூடும்."

அண்ணன் காறித் துப்பினார். முப்பது ஆண்டுகளாக இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியவருக்கு, துக்கத்திலும் அதைப் பொறுக்க முடியவில்லை.

"மூக்கப் பெருசாக் குடைஞ்சுக்கிட்டா ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சிட முடியுமா மாப்ள? வண்டியச் செஞ்சவன் என்ன மடையனா? குறைகுடம் கூத்தாடும்னு சொல்வாங்களே, அது இந்தப் பைப்புதான். சத்தம் கூடும், சக்தி கூடாது."

"ஓட்டிப் பார்க்காம பேசாதீங்க மச்சான்."

"ஓட்டி என்னத்தப் பார்க்க? முன்னாடியும் நாப்பது நிமிஷம், இப்பவும் நாப்பது நிமிஷம். மிஞ்சிப்போனா அரை நிமிஷம் குறையும்."

"அரை நிமிஷமா?" மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. "கிடங்கு கேட்லேருந்து நம்ம தெருமுனை வரைக்கும் இருபத்தாறு நிமிஷம் மச்சான். வாட்ச்சப் பார்த்துக்கிட்டே வந்தேன்."

மறுபடி ஓங்கிய கம்பி தம்பியின் கையில் அப்படியே நின்றது.

"திங்கக்கிழமை மாட்டின பைப்பு," என்றார் அண்ணன், ஒவ்வொரு சொல்லாக. "வேலை முடிஞ்சு வீட்டுக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் அதுல வந்திருக்கீங்க, செவ்வாய்க்கிழமை."

மாப்பிள்ளை பின்வாங்கி ஷட்டர் பக்கம் நகர்ந்தார்.

"பைப்பு ஒண்ணும் பண்ணல மாப்ள. ஆக்சிலேட்டர மிதிச்ச மிதி பண்ணியிருக்கு."

அண்ணன் எழுந்து சென்று ஷட்டரைத் தரைவரை இறக்கினார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

"அவர அவுத்துவிட்டு, இவனக் கட்டு."