ரெண்டு வாட் ஸ்டிக்கர்

மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் 'பாட்' எனப்படும் பொட்டென்ஷியோமீட்டர் கருகிப்போயிருக்க, அதை எலக்ட்ரானிக்ஸ் கடையின் கண்ணாடி மேசைமேல் வீசினார் கிட்டார்காரர்.

"வால்வு ஆம்ப்ளிஃபயர் நானே கட்டுறேன், முந்நூறு வோல்ட் ஓடுற இடம், ரெண்டு வாட் தாங்குற பாட்தான் வேணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க," என்றார் கடைக்காரர், தலையைத் தூக்காமலே.

"முதல் பாட் பொசுங்கினப்ப என் வயரிங்தான் தப்புன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். அடுத்ததும் பொசுங்கிச்சு. இன்னைக்கு இது. ஸ்டிக்கரை உரிச்சுப் பார்த்தா அடியில அரை வாட்னு போட்டிருக்கு. தெரிஞ்சே ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா, தெரிஞ்சேதான். ஸ்டிக்கரை ஒட்டினதும் நான்தான்."

மன்னிப்பாவது கேட்பான் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு ரத்தம் தலைக்கேறியது. "அற்ப லாபத்துக்கு இப்படியா? வீடு பத்திக்கிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"என் வீடும் சேர்ந்து பத்தியிருக்கும்."

கடைக்காரர் அப்போதுதான் நிமிர்ந்தார். தூக்கமில்லாத கண்கள் சிவந்திருந்தன.

"வீட்டுக்கு வந்து வாசிப்பைக் கேளுங்கன்னு அட்ரஸ் குடுத்தீங்களே, எனக்கு வரத் தேவையே இல்லைங்க. உங்க சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் நான் குடியிருக்கேன். என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பார்த்துட்டு வந்து பகல்லதான் கண்ணை மூடணும். உங்க ஆம்ப்ளிஃபயரோ ராத்திரி பகல்னு பாக்காம அலறுது."

கிட்டார்காரருக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. "அதை என்கிட்ட வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே? கதவைத் தட்டியிருக்கலாமே?"

கடைக்காரர் மேசையில் ஓங்கி அடித்தார்.

"ரெண்டு பேரும் கை வலிக்கத் தட்டினோம்யா. உனக்குக் கேட்டாத்தானே?"