கொம்பில் மாட்டிய ஓய்வு

வேலை பார்க்காதவர்களுக்கெல்லாம் அரசு ஓய்வுப்படி கொடுத்துவந்த காலம். உடம்பு வணங்கி வேலை செய்தால் அரசு எல்லோர் கையிலும் மாட்டிவிட்ட பச்சைக் கைப்பட்டை சிவந்து காட்டிக்கொடுத்துவிடும், படி நின்றுபோகும்.

விருதுநகர் செங்கமலத்தின் புருஷன் கூடலிங்கம், முன்பு புரோட்டா மாஸ்டர். கொஞ்ச நாளாக மத்தியானமானால் ஆளைக் காணோம். சாயங்காலம் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி முகம் மலர்ந்து வருகிறான். எவளோ ஒருத்தி என்று முடிவுகட்டிய செங்கமலம், துடைப்பமும் கையுமாகப் பின்தொடர்ந்தாள்.

பூட்டிய சினிமாக் கொட்டகைக்குப் பின்னால், சட்டையைக் கழற்றிவிட்டு அவன் மாவை வீசிக்கொண்டிருந்தான். தெருவே அங்கேதான் இருந்தது. பழைய கண்டக்டர் பாத்திரம் கழுவ, பேங்க் மேனேஜர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"பாவி மனுசா, படி போயிருமே! பட்டை எங்க?"

"சத்தம் போடாத கமலம். சும்மா இருந்து இருந்து கை நமநமங்குது. பட்டையெல்லாம் அந்தா இருக்கு பாரு."

குட்டைக் கரையில் ஓர் எருமை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கொம்பு நிறையக் கைப்பட்டைகள், அத்தனையும் பச்சை.

செங்கமலம் தன் பட்டையையும் அதிலே மாட்டினாள். கொண்டுவந்த துடைப்பத்தால் விறுவிறுவென்று கூட்ட ஆரம்பித்தாள்.

அப்போது ஓய்வுத்துறை அதிகாரி சால்வையோடு வந்து நின்றார். மாநிலத்திலேயே அதிகம் ஓய்வெடுத்த தெருவுக்குப் பரிசாம். துறையில் மற்றதையெல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்ள, அவருக்கு மிஞ்சியது சால்வை போடுவது மட்டும்தான்.

அடுப்பைப் பார்த்தார். எருமையைப் பார்த்தார். செங்கமலம் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

அதிகாரி சால்வையை எருமைக்குப் போர்த்தினார். பிறகு தன் பட்டையைக் கழற்றினார்.

"கொம்புல இன்னும் எடம் இருக்காம்மா? எனக்கு வெங்காயம் நல்லா வெட்ட வரும்."